சுவர்மேல் நடையும் மாடிமேல் ஆடலும்

ஆடல் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன அரங்கும், ஒப்பனையும், இசையும், அவற்றிற்கிசைந்த அபிநயமுமேயாம். இவையனைத்தையும் நீக்கிவிட்டால் எஞ்சுவது யாது? எஞ்சியதனை ஆடலென்று வழங்கலாமோ? இவ்வினாவை உடலைக்கொண்டே ஆராய்ந்தவர் டிரிஷா பிரௌன் என்னும் அமெரிக்க மாதரசியார். 1936-ஆம் ஆண்டில் வாஷிங்டன் மாகாணத்து அபர்டீன் என்னும் ஊரிற் பிறந்த இவர், மில்ஸ் கல்லூரியில் நடனம் பயின்று, பின்னர் நியூயார்க் நகரஞ் சேர்ந்தார். அங்கே 1962-இல் ஜட்சன் தேவாலயத்தில் ஆடத்தொடங்கிய இளங்கலைஞர் குழுவில் இவரும் ஒருவர். நடத்தல், ஓடுதல் முதலிய அன்றாடச் செய்கைகளும் ஆடற்குரியனவே என்பது அக்குழுவினர் கொள்கை.

1970-ஆம் ஆண்டில், அந்நகரத்து வூஸ்டர் வீதியிலுள்ள ஏழடுக்குக் கட்டடமொன்றின் உச்சியில் ஒரு மனிதர் நின்றார். மலையேறுவோர் அணியும் கச்சையும் கயிறும் அவரைத் தாங்கின. அவர் மெல்ல முன்சாய்ந்து, பாதங்களைச் சுவரில் ஊன்றி, முகம் நிலத்தை நோக்க, உடல் சுவரினின்று நேரே வெளிநோக்கி நீண்டிருக்க, அடிமேலடி வைத்துக் கீழே வந்தார். தரையை அடைந்ததும் ஆட்டம் முடிந்தது. அவ்வளவே.

இதுவும் ஒரு நடனமோ என்று நகைப்பாரும் உளர். கழைக்கூத்தாடி தன் செயலின் அருமையைக் காட்டுவான். இங்கு நடப்பவரோ வீதியிற் செல்வார்போல இயல்பாகவே தோன்றுதல் வேண்டும். அதுவே இதன் விதி, அருமையும் அதன்கண்ணேயுளது. நாம் நிமிர்ந்து நிற்குங்கால் உடலின் எடை எலும்புகளின் வழியே நிலத்தைச் சேர்கிறது. கச்சையில் தொங்கி நிற்பவருக்கோ தலையும் தோளும் கீழ்நோக்கி இழுக்கப்படும். முதுகின் தசைகள் இடைவிடாது உழைத்தாலன்றி உடல் மடங்கிவிடும். எடுத்த கால் தானாகச் சுவரிற் சென்று பொருந்தாது. அதனை முயன்று கொண்டுபோய் ஊன்றவேண்டும். குழவிப்பருவத்திற் கற்று மறந்துபோன நடையென்னும் வித்தை இங்ஙனம் காண்போர் கண்ணுக்குப் புதிதாயிற்று.

மறு ஆண்டிலே அவர் அமைத்த மாடியாடல் இதனினுஞ் சிறந்தது என்பது எம் கருத்து. சோஹோ என்னும் பகுதியிற் பல கட்டடங்களின் மேன்மாடிகளில், ஒருவர் தமக்கு அடுத்தவரைக் காணுமாறு ஆடுநர் நின்றனர். முதல்வர் செய்த அசைவை அடுத்த மாடியிலுள்ளார் கண்டு அவ்வண்ணமே செய்தார். அவரைப் பார்த்து மூன்றாமவர் செய்தார். இவ்வாறு ஓர் அசைவு பல தெருக்களைக் கடந்து சென்றது. பின்னர் மறுகோடியிலிருந்து அசைவுகள் திரும்பி வரலாயின. தூரத்தாலும் காண்பார் பிழையாலும் ஒவ்வொரு மாடியிலும் அசைவு சிறிது திரிந்தது. அதனைக் குற்றமென்று மறையாது, ஆடலின் பகுதியாகவே விட்டார் அம்மையார். ஆடல் முழுவதையும் ஒருங்கே கண்டவர் ஒருவருமிலர். எங்கு நின்றாலும் ஒரு துண்டமே கிட்டும்.

ஏட்டிலெழுதிய பாட்டைப்போல ஆடல் தானே நிலைத்திராது. ஓருடல் மற்றோருடலுக்குக் கற்பித்தாலன்றி அது மாய்ந்துபோம். அம்மையார் உயிரோடிருந்த காலத்திலேயே, 2010-இல், நியூயார்க் விட்னி கலைக்காட்சிசாலையின் புறச்சுவரில் எலிசபெத் ஸ்ட்ரெப் என்னும் நடனக்கலைஞர் அப்பழைய நடையை மீண்டும் நடந்தார். மாடியாடலும் மறு ஆண்டில் அந்நகரத்திலேயே மீண்டும் நிகழ்த்தப்பெற்றது. 2017-இல் அம்மையார் காலமானார். முதன்முதல் நடந்த நடைக்கும் பின்னர் நடந்ததற்கும் எவ்வளவு வேற்றுமை புகுந்தது என்பதனை அளந்து சொல்லவல்லார் யார்? மாடிக்கு மாடி திரிந்த அசைவைப் போன்றதே அதுவும்.