சாரணர் இயக்கத்தில் உங்கள் பிள்ளை: பெற்றோர் அறிய வேண்டியவை

நம் நாட்டுப் பள்ளிகளில் பயிலும் பிள்ளைகள் ஏட்டுக் கல்வியோடு நின்றுவிடுவதில்லை. சீருடை இயக்கம், கழகம், விளையாட்டு ஆகிய புறப்பாட நடவடிக்கைகளிலும் அவர்கள் பங்குகொள்ள வேண்டும் என்பது கல்வி அமைச்சின் ஏற்பாடு. சீருடை இயக்கங்களுள் பழமையும் புகழும் வாய்ந்தது சாரணர் இயக்கம். மலாய் மொழியில் இதனைப் 'பெங்காக்காப்' என்பர். தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளிலும் அருகிலுள்ள பட்டணத்து இடைநிலைப்பள்ளிகளிலும் நம் பிள்ளைகள் பலர் இதில் சேர்கின்றனர். பெண் பிள்ளைகளும் சாரணராகலாம். அவர்களுக்கென்றே 'பாண்டு புத்ரி' என்னும் தனி இயக்கமும் உண்டு.

ஆயினும், பிள்ளை கொண்டுவரும் அனுமதிக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமலேயே ஒப்பமிட்டுக் கொடுக்கும் பெற்றோர் நம்மிடையே உளர். கடிதம் மலாய் மொழியில் இருப்பது ஒரு காரணம். விடியுமுன் வேலைக்குச் சென்று களைத்துத் திரும்புவது மற்றொரு காரணம். 'ஆசிரியரிடம் கேள்வி கேட்பது மரியாதையாகுமா?' என்னும் தயக்கமோ இவற்றினும் பெரிய காரணம். இத்தயக்கம் தேவையற்றது. தம் பிள்ளை எங்கே செல்கிறது, யாருடன் செல்கிறது, என்ன செய்கிறது என்று கேட்பது பெற்றோரின் உரிமை. அதற்கும் மேலாக அது அவர்தம் கடமை.

இயக்கம் பிறந்த வகை

1907ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், பேடன் பவல் என்னும் பிரிட்டிஷ் படைத்தலைவர், இங்கிலாந்தின் தென்கரையை அடுத்த பிரவுன்சீ தீவில் சுமார் 20 சிறுவர்களைக் கொண்டு ஒரு முகாம் நடத்தினார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் அம்முகாமில் ஒன்றாக உண்டனர்; ஒன்றாக உறங்கினர்; ஒன்றாக வேலை செய்தனர். மறு ஆண்டு சிறுவர்க்கான சாரணர் நூல் ஒன்றை அவர் வெளியிட, இயக்கம் விரைந்து பரவிற்று. அந்த 1908ஆம் ஆண்டிலேயே பினாங்கில் அது காலூன்றியது என்று நம் நாட்டுச் சாரணர் வரலாறு கூறுகிறது.

ஏழை, பணக்காரன் என்னும் வேற்றுமை தெரியாதிருக்க அனைவரும் ஒரே உடை அணிய வேண்டும் என்பதே சாரணச் சீருடையின் நோக்கங்களுள் ஒன்று. இதனைப் பெற்றோர் நினைவிற்கொள்ளல் நன்று.

பிள்ளை என்ன கற்கிறது?

சாரணர் மூன்று விரல்களை உயர்த்தி உறுதிமொழி எடுப்பதைக் கண்டிருப்பீர்கள். இறைவனுக்கும் மன்னருக்கும் நாட்டுக்கும் கடமையாற்றுதல், பிறர்க்கு உதவுதல், சாரணர் சட்டத்துக்குக் கீழ்ப்படிதல் என்னும் மூன்றையும் அவ்விரல்கள் குறிக்கின்றன. இறைவனுக்குரிய கடமையை அவரவர் தத்தம் சமய வழியிலேயே செய்யலாம். ஆகவே, தம் சமயத்துக்கு ஊறு நேருமோ என்று பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை.

முடிச்சுப் போடுதல், கூடாரம் அமைத்தல், திசையறிதல், முதலுதவி செய்தல், விறகடுப்பில் சமைத்தல் முதலியவற்றைப் பிள்ளைகள் பயில்கின்றனர். ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட சிறு அணிகளாக அவர்கள் பிரிக்கப்படுவர். அணித்தலைவனும் அவர்களைப் போன்ற ஒரு சிறுவனே. மூத்தவன் இளையவனுக்குக் கற்பிக்கிறான். எல்லாரும் தம் கையால் செய்து பழகுகின்றனர்.

இம்முறை தோட்டத் தொழிலாளர்க்குப் புதிதன்று. உளி பிடிக்கப் புத்தகம் படித்துக் கற்றவர் நம்மில் எவரும் இலர். மரத்திற்குக் காயம் படாமல் பட்டையை எத்துணை ஆழம் சீவுவது என்பதை, அனுபவமுள்ள ஒருவர் அருகிலிருந்து காட்ட, நம் கையே கற்றுக்கொண்டது. தொடக்கத்தில் பிழை நேர்ந்தது. பின்னர்க் கை தேர்ந்தது. பிள்ளையின் சாரணப் பயிற்சியும் அத்தன்மையதே. ஆகவே, பிள்ளை செய்ய வேண்டிய வேலையைத் தாயோ தந்தையோ செய்து கொடுத்தலாகாது. முகாமுக்குரிய பையைப் பிள்ளையே அடுக்கட்டும். சட்டையைத் தானே துவைத்துத் தேய்க்கட்டும். நீங்கள் மேற்பார்வை செய்தால் போதும்.

சீருடையும் செலவும்

சட்டை, கால்சட்டை, தொப்பி, கழுத்துத் துண்டு, இடைவார், சின்னங்கள் எனச் சீருடைக்குச் செலவு உண்டு. இரண்டு மூன்று பிள்ளைகள் பள்ளி செல்லும் வீட்டில் இது சிறு சுமையன்று. 'சீருடை இல்லை, ஆகையால் போகவில்லை' என்று பிள்ளை கூட்டத்திற்குச் செல்லாது ஒதுங்கிவிடுவது வருந்தத்தக்கது. வேற்றுமையை மறைக்க வந்த உடையே வேற்றுமைக்குக் காரணமாகலாமா?

எவையெவை உடனே தேவை, எவற்றைப் பின்னர் வாங்கலாம் என்று பொறுப்பாசிரியரிடம் கேளுங்கள். வாங்க வசதியில்லையெனில் அதனை வெளிப்படையாகச் சொல்லுங்கள். அதில் இழிவு ஒன்றுமில்லை. மேல் வகுப்புக்குச் சென்றுவிட்ட பிள்ளைகளின் சீருடைகளைத் திரட்டி இளையோர்க்கு வழங்கும் பணியைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் மேற்கொள்ளலாம். வளரும் பிள்ளைக்கு ஒரு சட்டை நெடுநாள் பொருந்துவதில்லை. ஒரு சட்டை மூன்று பிள்ளைகளுக்குப் பயன்படுமாயின் மூன்று குடும்பங்களுக்கும் நன்மை.

முகாமுக்கு அனுப்புமுன்

முகாம் அனுமதிக் கடிதத்தின் தலைப்பில் 'கெபெனாரான்' என்னும் சொல் இருக்கும். அனுமதி என்பது அதன் பொருள். மலாய் படிக்கத் தெரிந்த மூத்த பிள்ளையையோ அண்டை வீட்டாரையோ கொண்டு முழுவதும் படிக்கச் செய்த பின்னரே ஒப்பமிடுங்கள். பின்வருவனவற்றுக்கு அதில் விடை இல்லையெனில், ஆசிரியரைக் கேட்டறியுங்கள்.

முகாம் நடைபெறும் இடம் எது? புறப்படும் நேரமும் திரும்பும் நேரமும் யாவை? எந்த வாகனத்தில் பயணம்? உடன் செல்லும் பெரியவர்கள் எத்தனை பேர்? பெண் பிள்ளைகள் செல்லின் ஆசிரியையும் உடன் செல்கிறாரா? ஆற்றிலோ கடலிலோ இறங்கும் நிகழ்ச்சி உண்டா? கனமழை பெய்தால் மாற்று ஏற்பாடு யாது? அவசரத்துக்கு அழைக்க வேண்டிய தொலைபேசி எண் எது?

அவ்வாறே, நீங்கள் மறைக்காமல் சொல்ல வேண்டியவையும் உண்டு. பிள்ளைக்கு இழுப்பு, வலிப்பு, ஒவ்வாமை முதலிய நோய்கள் இருப்பின் கட்டாயம் எழுதித் தருக. உட்கொள்ளும் மருந்தைப் பெயரும் அளவும் குறித்து ஆசிரியரிடம் ஒப்படைக்க. நீந்தத் தெரியாத பிள்ளையை, 'தெரியும்' என்று பெருமைக்காகச் சொல்லவிடாதீர்கள். தோட்டத்துக் குட்டையில் விளையாடிய பழக்கம், பெருக்கெடுக்கும் ஆற்றில் உதவாது. சைவ உணவு உண்ணும் பிள்ளையானாலும், மாட்டிறைச்சி விலக்கும் பிள்ளையானாலும் அதனையும் முன்கூட்டியே தெரிவித்தல் வேண்டும்.

முகாமிலிருந்து திரும்பிய பின்னும் பிள்ளையைக் கவனித்து வருதல் அவசியம். எலியின் சிறுநீர் கலந்த ஆற்றுநீராலும் சேற்றாலும் பரவும் எலிக்காய்ச்சல் நம் நாட்டில் காணப்படும் நோய். தோலில் உள்ள சிறு காயத்தின் வழியாகவும் இக்கிருமி உடலுட் புகும். பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களுக்குள் நோய்க்குறி தோன்றும். சிலவேளை ஒரு மாதமும் ஆகலாம். முகாம் சென்று வந்த பிள்ளைக்குக் காய்ச்சலும் தசைவலியும் கண்டால், கைமருந்தோடு காத்திராது மருத்துவரிடம் கொண்டு செல்க. பிள்ளை ஆற்றில் இறங்கியதையும் மறவாமல் கூறுக.

யாரிடம் ஒப்படைக்கிறோம்?

சாரணர் தலைவர்களுக்கெனப் பயிற்சிகள் உண்டு. அவற்றுள் உயர்ந்த ஒரு பயிற்சியை முடித்தவர், தோல் நாடாவில் கோத்த இரண்டு சிறு மரமணிகளைக் கழுத்தில் அணிந்திருப்பார். உங்கள் பிள்ளையின் தலைவர் எவ்வகைப் பயிற்சி பெற்றவர் என்று கேட்பதில் தவறில்லை. நற்பயிற்சி பெற்றவர் அக்கேள்வியை மகிழ்ந்தே ஏற்பார்.

சாரணர் தலைவர்களுள் மிகப் பலர் தம் ஓய்வு நாளையும் கைப்பொருளையும் பிள்ளைகளுக்காகச் செலவிடுபவர்கள். அவர்களுக்கு நாம் நன்றியுடையோம். எனினும், பிள்ளைகளின் பாதுகாப்புக்கெனச் சில விதிகள் எல்லார்க்கும் பொதுவாய் உள்ளன. பெரியவர் ஒருவர் ஒரு பிள்ளையை மட்டும் தனியிடத்துக்கு அழைத்துச் செல்லலாகாது. பெரியவர்களும் பிள்ளைகளும் ஒரே கூடாரத்தில் உறங்கலாகாது. 'வீட்டில் சொல்லாதே' என்று எவரும் பிள்ளையிடம் இரகசியம் பேணச் சொல்லலாகாது. புதிதாகச் சேர்ந்தவர்களை மூத்த மாணவர்கள் துன்புறுத்துவதும் இழிவுபடுத்துவதும் பயிற்சி ஆகா.

இவற்றை அச்சுறுத்தாமல், அன்போடு பிள்ளையிடம் எடுத்துச் சொல்லுங்கள். 'உன் உடம்பை எவரேனும் தொட்டு உனக்குக் கூச்சமோ அச்சமோ உண்டானால், அவர் யாராயினும் எங்களிடம் சொல். நாங்கள் உன்னைக் கடிந்துகொள்ள மாட்டோம்' என்னும் உறுதியைப் பிள்ளை உங்களிடமிருந்து பெற்றிருத்தல் வேண்டும். பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களைத் தண்டிக்க 2017ஆம் ஆண்டில் நம் நாட்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டுள்ளது. அத்தகைய குற்றம் நிகழ்ந்ததாக அறிய வந்தால், தோட்டத்துப் பேச்சுக்கு அஞ்சி மூடி மறைக்காதீர்கள். காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள். 'தாலியான் காசே' என்னும் 15999 எண்ணையும் அழைக்கலாம்.

பலன் யாது?

பொதுப் பல்கலைக்கழக நுழைவுக்கான மதிப்பீட்டில் 90 விழுக்காடு தேர்வுப் பேற்றுக்கும், 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கும் உரியன. கூட்ட வருகை, வகிக்கும் பதவி, பங்கேற்பு, பெற்ற வெற்றி ஆகியவை கணக்கிற்கொள்ளப்படுகின்றன. ஆகவே, சனிக்கிழமைக் கூட்டத்தை வீண் வேலை என்று எண்ணி, வீட்டுவேலைக்காகப் பிள்ளையை நிறுத்திவிடாதீர்கள். சான்றிதழ்கள் அனைத்தையும் ஓர் உறையிலிட்டுப் பத்திரப்படுத்துங்கள்.

புள்ளிகளினும் பெரிய பலனும் உண்டு. மலாய், சீன, இந்தியப் பிள்ளைகள் ஒரே கூடாரத்தில் உறங்கி, ஒரே சட்டியில் சமைத்து உண்ணும்போது, தோட்டத்துப் பிள்ளை தானும் எவர்க்கும் தாழ்ந்ததன்று என உணர்கிறது. கூட்டத்தின் முன் நின்று பேசவும், தவறு கண்டவிடத்து 'கூடாது' என்று சொல்லவும் துணிவு பெறுகிறது.

பெற்றோர்களே! அத்துணிவைப் பிள்ளை முதன்முதலில் கற்க வேண்டிய இடம் வீடு. நீங்கள் படித்து ஒப்பமிட்டால், பிள்ளையும் படித்து ஒப்பமிடும். நீங்கள் பணிவோடு கேள்வி கேட்டால், பிள்ளையும் பணிவோடு கேள்வி கேட்கும். அடுத்த முறை பிள்ளை ஒரு கடிதத்தைக் கொண்டுவரும்போது, 'இதில் என்ன எழுதியிருக்கிறது, படித்துச் சொல்' என்று அருகில் அமர்த்திக் கேளுங்கள். பேனாவைப் பின்னர் எடுக்கலாம்.