நேரிணைபும் காரண காரியத் தொடர்பும்: இலங்கையின் மலேரியாப் புள்ளிவிபரங்களை முன்வைத்துச் சில குறிப்புகள்

இரு மாறிகளுள் ஒன்று உயரும்போது மற்றதும் பொதுவாக உயருமாயின் அவற்றிடையே நேரிணைபு உண்டு என்பர். பிள்ளைகளின் உயரமும் நிறையும், வயலின் பரப்பும் விதைநெல்லின் அளவும், குடும்ப அங்கத்தவர் தொகையும் மாதாந்த அரிசிச் செலவும் இதற்கு நாளாந்த உதாரணங்களாகும். ‘பொதுவாக’ என்னும் சொல் இங்கு முக்கியமானது. நெடிதுயர்ந்து மெலிந்த பிள்ளை ஒன்றைக் காட்டி இவ்விணைபை மறுத்தல் இயலாது. இணைபு தனியனின் பண்பன்று, தொகுதியின் பண்பு.

இதனை இனங்காண எளிய வழி ஒன்றுண்டு. இரு மாறிகளினதும் சராசரிகளைக் கண்டு, ஒவ்வொரு சோடியும் அவற்றுக்கு மேலோ கீழோ எனக் குறித்தல் வேண்டும். இரண்டும் ஒருங்கே மேலாகவோ ஒருங்கே கீழாகவோ அமையும் சோடிகள் மிகுந்திருப்பின் பெரும்பாலும் நேரிணைபு உண்டு; ஒன்று மேலும் மற்றது கீழுமாக அமைவன மிகுந்திருப்பின் எதிரிணைபு எனலாம்.

1888 இல் பிரான்சிஸ் கோல்ற்றன் இக்கருத்தை அளவிடத்தக்கதாக்கினார். 1896 இல் கார்ல் பியர்சன் அதற்குக் கணித வடிவம் அளித்தார். இருவரும் இனமேம்பாட்டுவாதிகள் என்பது மனங்கொளத்தக்கது. பெற்றோர் உயரமும் பிள்ளைகள் உயரமும் இணைந்து செல்வதைக் கண்டோர், அறிவாற்றலும் குருதிவழி வருவதே எனக் கொண்டு, அதனை வளர்க்கும் சமூகச் சூழலைப் பின்தள்ளினர். கருவி பயனுடையது, அதனைக் கையாண்ட கருத்துநிலையே ஆய்வுக்குரியது.

இவ்வேறுபாட்டை நமது நாட்டு வரலாறு தெளிவாக்குகிறது. 1946 இல் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 20 ஆக இருந்த இலங்கையின் மரண வீதம் 1947 இல் ஏறத்தாழ 14 ஆக வீழ்ந்தது. அக்காலத்திலேயே டி.டி.ரி. தெளிப்பு நாடு முழுவதும் விரிவுபெற்றது. மண்ணீரல் வீங்கிய பிள்ளைகளின் வீதம் எங்கு உயர்ந்திருந்ததோ அங்கு மரண வீதமும் உயர்ந்திருந்தது. தெளிப்பின் பின் வீழ்ச்சியும் அங்கேயே பெரிதாயிருந்தது. இந்நேரிணைபைக் கொண்டு, வீழ்ச்சியின் பெரும்பங்கை மலேரியாக் கட்டுப்பாட்டுக்குரியதாகக் கணித்தார் பீற்றர் நியூமன். மலேரியா குறைந்த பகுதிகளிலும் மரணங்கள் குறைந்தமையைச் சுட்டி எஸ். ஏ. மீகம அதனை மறுத்தார். 1974 இல் கிரே செய்த மறுகணிப்பு அப்பங்கை ஏறத்தாழ நாலில் ஒன்றாகக் குறைத்தது.

மலேரியா கொன்றது என்பதில் ஐயமில்லை. 1934–35 கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். ஆயின் மலேரியா மிகுந்த உலர்வலயம் வைத்தியசாலையும் பாதையும் போதிய உணவும் அருகிய வலயமுமாகும். நோயும் மரணமும் ஒருங்கே உயர்ந்தமைக்கு வறுமையும் பொதுக்காரணமாகலாம். 1942 இல் தொடங்கிய அரிசிப் பங்கீடு, விரிவடைந்த இலவச வைத்திய சேவை ஆகியனவும் அதே காலத்தில் தொழிற்பட்டன. 1967–69 இல் மலேரியா மீண்டும் பரவி இலட்சக்கணக்கானோரைப் பீடித்தபோதும் மரண வீதம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அப்போது பரவியது பெரும்பாலும் கொடுமை குறைந்த வகையே எனினும், இடைக்காலத்தில் மக்களின் உணவும் வைத்தியமும் மாறியிருந்தமையையும் புறக்கணித்தல் இயலாது.

இணைபின் திசையும் சூழலைப் பொறுத்ததே. மழை மிகின் நுளம்பு மிகும் என்பது பொது நம்பிக்கை. 1934 இல் நிகழ்ந்ததோ மறுதலை. தென்மேல் பருவமழை பொய்த்து, ஈரவலய ஆறுகள் வற்றிக் குட்டைகளாகத் தேங்கியதனாலேயே நுளம்பு பெருகியது.

இது வெறும் கணிதப் பிரச்சினையன்று. மக்களின் ஆயுளை நீட்டியது மருந்துத் தெளிப்பு மட்டுமே எனின், பங்கீட்டரிசியும் இலவச வைத்தியமும் வீண்செலவாகத் தோன்றும். 1979 இல் பங்கீட்டின் இடத்தை உணவு முத்திரை பிடித்ததை இப்பின்னணியில் நோக்குதல் தகும். நேரிணைபைக் காணுதல் ஆய்வின் தொடக்கம். அவ்விரு மாறிகளையும் ஒருங்கே அசைக்கும் சமூக உறவுகளைத் தேடுவதே அதன் அடுத்த கட்டமாகும்.