உங்களுக்குத் தெரியுமா? டீசர் வேறு, டிரெய்லர் வேறு!

இரவில் தூரத்தே மினுங்கும் கப்பல் விளக்கு டீசர் என்றால், விடிந்ததும் திருகோணமலைத் துறைமுகத்துக்குள் நுழையும் அதே கப்பல்தான் டிரெய்லர்.

● டீசர் ஆவலை மட்டும் கிளறும். 2018 ஜூனில் வந்த ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6’ வீடியோ கேம் டீசரில் மலைகளும் இசையும் பெயரும்தான்; விளையாடும் காட்சியே இல்லை.

● டிரெய்லர் கதை, பாத்திரங்கள், விளையாடும் முறை, வெளியீட்டுத் தேதி என விரித்துக் காட்டும்.

● ‘சைபர்பங்க் 2077’ டீசர் வந்தது 2013இல். விளையாட்டு கைக்கு வந்ததோ 2020 டிசம்பரில்!



● ‘டிரெய்லர்’ என்றால் பின்தொடர்வது. தொடக்கத்தில் திரையரங்குகளில் அது படம் முடிந்த பிறகே திரையிடப்பட்டது!