உணவுவழி ஈ.கோலை பாக்டீரியாவில் கொலிஸ்டின் எதிர்ப்பு: எம்.சி.ஆர்-1 மரபணுவின் இயல்பும் பரவலும்

கொலிஸ்டின் நேர்மின்னேற்றம் கொண்ட பெப்டைடு மருந்தாகும். ஈ.கோலையின் வெளிச்சவ்விலுள்ள லிப்பிட்-ஏ எதிர்மின்னேற்றம் உடையதாகையால் மருந்து அதனுடன் பிணைந்து சவ்வைச் சிதைக்கிறது. சிறுநீரகத்தைப் பாதிப்பதால் மனித மருத்துவத்தில் நெடுங்காலம் ஒதுக்கப்பட்டிருந்த இம்மருந்து, கார்பபீனம் வகை மருந்துகளும் பயனற்றுப்போன நிலையில் இறுதிப் புகலிடமாக மீண்டும் கைக்கொள்ளப்பட்டது. அதேவேளை பண்ணைத் தீவனங்களில் அது வளர்ச்சி ஊக்கியாகக் கலக்கப்பட்டும் வந்தது. இம்முரணே சிக்கலின் வேர்.

2015 வரை அறியப்பட்டிருந்த கொலிஸ்டின் எதிர்ப்பு, குரோமோசோமில் நிகழும் திடீர் மாற்றங்களால் விளைவது. அது தாய்ச்செல்லிலிருந்து சேய்ச்செல்லுக்கு மட்டுமே செல்லும். அவ்வாண்டு நவம்பரில் சீன ஆய்வாளர்கள், ஷாங்காய் பண்ணையொன்றின் பன்றியிலிருந்து பிரித்தெடுத்த ஈ.கோலையில் எம்.சி.ஆர்-1 மரபணுவைப் பிளாஸ்மிடின் மீது கண்டறிந்தனர். இம்மரபணு உருவாக்கும் நொதி லிப்பிட்-ஏவுடன் பாஸ்போஎத்தனாலமினை இணைக்கிறது. அதனால் எதிர்மின்னேற்றம் குறைய, மருந்தின் பிடிப்பும் தளர்கிறது. பிளாஸ்மிட் இணைவு முறையில் ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றிற்கு, வேறு இனத்திற்கும்கூட, கடத்தப்படக்கூடியது.

2011–2014 காலத்திய மாதிரிகளில் 804 விலங்குகளுள் 166இலும், 523 பச்சை இறைச்சி மாதிரிகளுள் 78இலும், தொற்றுற்ற உள்நோயாளிகளின் 1322 மாதிரிகளுள் 16இலும் இம்மரபணு காணப்பட்டது. 21, 15, 1 எனக் குறையும் இவ்விழுக்காடுகள், மரபணு விலங்கிலிருந்தே மனிதரை நோக்கி நகர்ந்திருக்கலாம் எனக் கருத இடமளிக்கின்றன. எனினும் அவை மட்டுமே முடிந்த சான்றாகா.

எம்.சி.ஆர்-1 வெப்பத்தைத் தாங்கும் ஆற்றலைத் தருவதில்லை. நன்கு சமைத்தால் எதிர்ப்புடைய ஈ.கோலையும் அழியும். இடர் பெரிதும் வெட்டுப்பலகை, கத்தி, கை ஆகியவற்றின் வழியே நேர்கிறது. உட்சென்ற பாக்டீரியா நோயுண்டாக்காமலே குடல்வாழ் நுண்ணுயிர்களுக்குத் தன் பிளாஸ்மிடை வழங்கிவிடவும் கூடும். நோயாளிகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு இடரை அளவிடுவது பொருந்தாமைக்கு இதுவே காரணம்.

சீனா 2017இல் கொலிஸ்டினை வளர்ச்சி ஊக்கியாகப் பயன்படுத்துவதை விலக்கியது. அதன்பின் பன்றி, கோழி ஆகியவற்றில் எம்.சி.ஆர்-1 குறைந்தமை பதிவாகியுள்ளது. இந்தியா 2019 ஜூலையில் உணவுக்கான கால்நடை, கோழி, நீர்வாழ் உயிரி வளர்ப்பிலும் தீவனத்திலும் இம்மருந்தைத் தடைசெய்தது. தடையின் பயனைக் கணிப்பதில் ஆய்வுமுறைச் சிக்கலொன்று உள்ளது. கொலிஸ்டின் மூலக்கூறு பெரிதாகையால் அகார் ஊடகத்தில் எளிதில் பரவுவதில்லை. ஆகவே, ஆய்வகங்களில் வழக்கமான வட்டுப் பரவல் சோதனை எதிர்ப்புடைய பாக்டீரியாவையும் மருந்துக்கு உட்படுவதாகக் காட்டிவிடக்கூடும். நீர்ம ஊடகத்தில் மருந்தைப் படிப்படியாக நீர்க்கச் செய்து சோதிக்கும் முறையே இதற்கு ஏற்கப்பட்டுள்ளது.