விதையின் பெயரில் ஒரு பல்கலைக்கழகம்

நீங்கள் விதைக்கும் 'கோ 51' நெல்லில் உள்ள 'கோ', கோயம்புத்தூரைக் குறிக்கிறது. 'ஏடிடி' என்றால் ஆடுதுறை; 'டிஆர்ஒய்' என்றால் திருச்சி. களர் நிலத்துக்கு டிஆர்ஒய் ரகங்களைப் பரிந்துரைப்பது ஏன்? திருச்சி ஆராய்ச்சிப் பண்ணையின் மண்ணும் களர்மண்தான்.

இந்த நிலையங்களுக்கெல்லாம் தாய்வீடு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். 1868-ல் சென்னை சைதாப்பேட்டையில் வேளாண் பள்ளியாகத் தொடங்கி, 1906-ல் கோவைக்கு மாறி, 1971 ஜூன் 1-ல் பல்கலைக்கழகமானது. எம்.எஸ்.சுவாமிநாதன் படித்த கோவை வேளாண் கல்லூரி இதுவே.

இங்கு மாணவர்களுக்கு வயலும் வகுப்பறைதான். நடவு, களையெடுப்பு, அறுவடை எல்லாம் பாடத்தில் உண்டு. இறுதியாண்டில் கிராமத் தங்கல் திட்டத்தில் உங்கள் ஊருக்கே வருகிறார்கள். செயல்விளக்கம் காட்டி, படம் எடுத்துக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிடாதீர்கள். நோய் தாக்கிய செடியைக் காட்டுங்கள். மண் மாதிரி எடுக்கும் முறையைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். அவர்களுக்குத் தெரியாவிட்டால், பேராசிரியரிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். உங்கள் அனுபவத்தையும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

விரிவாக்கப் பணியாளர்களே, அவர்களை முன்னோடி விவசாயியின் தோட்டத்தோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரு ஏக்கர் மானாவாரிக்காரரின் வரப்புக்கும் அழைத்துச் செல்லுங்கள். நாளை வேளாண் அலுவலராக வரப்போகிறவர்கள், அந்த வரப்பையும் இன்றே மிதித்திருக்க வேண்டும்.