வீட்டில் டிஃபன்பேக்கியா செடி இருக்கா? வாட்ஸ்அப் எச்சரிக்கை உண்மையா?

பச்சையும் வெள்ளையும் கலந்த பெரிய இலைகளோடு ஹால், ஆபீஸ் ரிசப்ஷன், கிளினிக் என எங்கே பார்த்தாலும் இருக்கும் செடி டிஃபன்பேக்கியா. "இதோட இலையைக் கடிச்சா குழந்தை ஒரே நிமிஷத்துல இறந்துடும்" என்று ஒரு மெசேஜ் பல வருஷமாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது உண்மையா?

செடிக்குள்ள என்ன இருக்கு?

மத்திய, தென் அமெரிக்காவின் வெப்பமண்டலக் காடுகள்தான் இதன் பூர்வீகம். ஆனால், நம்ம ஊர் சேனைக்கிழங்கு, சேப்பங்கிழங்கு குடும்பத்தைச் சேர்ந்தது. சேனையை நறுக்கும்போது கை அரிக்குது இல்லையா? அதற்குக் காரணமான கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இதன் இலை, தண்டு இரண்டிலும் உள்ளன. கண்ணுக்குத் தெரியாத ஊசிகள் போன்ற இவை, மெல்லும்போது நாக்கிலும் தொண்டையிலும் குத்தும்.

கடித்தால் என்ன ஆகும்?

உடனே எரிச்சல், வலி, எச்சில் வடிதல், நாக்கு வீக்கம் வரலாம். பேச முடியாமல் போவதால்தான் ஆங்கிலத்தில் 'டம்ப் கேன்' என்ற பெயரே வந்தது. ஆனால், ஒரு நிமிடத்தில் உயிர் போகும் என்பது உண்மை இல்லை. முதல் கடியிலேயே எரிவதால் பெரும்பாலான குழந்தைகள் துப்பிவிடுவார்கள். அதற்காக அலட்சியமும் கூடாது. அபூர்வமாக, தொண்டை வீங்கி மூச்சு அடைக்கலாம்.

உடனே என்ன செய்யணும்?

* வாயில் உள்ள துண்டுகளை எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, கொப்பளிக்க வையுங்கள்.
* வாந்தி எடுக்க வைக்கக் கூடாது.
* சாறு கண்ணில் பட்டால் கசக்காமல், 15 நிமிடம் சுத்தமான தண்ணீரில் கழுவி, கண் டாக்டரிடம் காட்டுங்கள்.
* மூச்சுத்திணறல், விழுங்க முடியாமை, வீக்கம் இருந்தால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

செடியைத் தூக்கிப் போடணுமா?

தேவையில்லை. ஆனால் தவழும் குழந்தை, நாய், பூனை இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள். அப்படி இடம் இல்லையா? குழந்தை கொஞ்சம் வளரும்வரை வேறு யாரிடமாவது கொடுத்து வைக்கலாம். கிளைகளை வெட்டும்போது கையுறை போடுங்கள், பிறகு சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

இன்னொரு விஷயம்: பலர் வீட்டில் இருக்கும் மணி பிளான்ட்டிலும் இதே படிகங்கள் உண்டு. அதையும் குழந்தை கைக்கு எட்டாமல் கட்டிவிடுங்கள்.