வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன்

வக்காலத்து என்பது அச்சடித்த ஒரு படிவம். பெயரை நிரப்பிக் கையெழுத்துப் போட இரண்டு நிமிடம் போதும். ஆனால் அதில் வழக்கமாக இருக்கும் வாசகங்கள் கொடுக்கிற அதிகாரம் சாதாரணமானதல்ல. கட்சிக்காரருக்காக ஆஜராவது, மனுப் போடுவது, சமரசம் செய்துகொள்வது, வழக்கை வாபஸ் வாங்குவது, பணத்தைப் பெற்றுக்கொள்வது என எல்லாம் அதற்குள் வந்துவிடும். விவாகரத்துக்காக வக்கீலைத் தேடி வருகிறவர்கள் பல நாள் தூக்கத்தைத் தொலைத்துவிட்டு வருகிறார்கள். யாராவது பொறுப்பை எடுத்துக்கொண்டால் போதும் என்ற மனநிலையில், முதலில் உட்கார்ந்த நாற்காலியிலேயே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அங்கேதான் கொஞ்சம் நிதானம் தேவைப்படுகிறது.

இன்னொரு விஷயம் பலருக்கும் தெரியாது. 1984-ஆம் ஆண்டின் குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தின்படி, அந்த நீதிமன்றத்தில் வக்கீல் வைத்துக்கொள்வது கட்சிக்காரரின் உரிமை அல்ல. சட்டத்தின் 13-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. கணவனும் மனைவியும் நேரில் வந்து பேச வேண்டும், நீதிபதி முதலில் அவர்களைச் சேர்த்துவைக்கப் பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்ட சட்டம் அது. நடைமுறையில் நீதிமன்றம் அனுமதி கொடுத்துவிடுகிறது. பெரும்பாலோர் வக்கீலோடுதான் வருகிறார்கள். அதற்கு நியாயமும் இருக்கிறது. ஜீவனாம்சம் கேட்கும் வழக்குகளில் இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. அதைச் சரியாகத் தயாரிப்பதும், எதிர்த்தரப்புப் பத்திரத்தில் மறைக்கப்பட்டதைக் கண்டுபிடிப்பதும், குறுக்கு விசாரணை செய்வதும் பழக்கம் இல்லாதவர்களால் ஆகிற காரியமல்ல.

ஆக, நல்ல வக்கீலை எப்படிக் கண்டுபிடிப்பது? விளம்பரத்தைப் பார்த்து அல்ல. வக்கீல்கள் விளம்பரம் செய்து வழக்குப் பிடிக்கக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சிலின் விதி. பெயர், முகவரி, பதிவு எண், படிப்பு, எந்தத் துறை வழக்குகளை நடத்துகிறார் போன்ற அடிப்படை விவரங்களை இணையதளத்தில் போட்டுக்கொள்ள மட்டும் 2008-இல் அனுமதி கிடைத்தது. நட்சத்திரக் குறி போட்டு வக்கீல்களை வரிசைப்படுத்தும் இணையதளங்களின் மேல் நடவடிக்கை எடுக்கும்படி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. எனவே "நம்பர் ஒன் டைவர்ஸ் லாயர்" என்று எங்காவது கண்ணில் பட்டால், அது தகுதிக்குச் சான்று அல்ல, விதிமீறலுக்குத்தான் சான்று.

விசாரிக்கச் சிறந்த இடம், இந்த வழியை ஏற்கெனவே கடந்து வந்தவர்கள். அவர்களிடம் "ஜெயித்தாரா?" என்று கேட்பதைவிட, வாய்தா தேதியை ஒழுங்காகச் சொன்னாரா, போனை எடுத்தாரா, மனுவைத் தாக்கல் செய்வதற்கு முன் படித்துக் காட்டினாரா என்று கேட்டால் உபயோகமான பதில் கிடைக்கும். தெரிந்த சிவில் வக்கீலோ, குற்ற வழக்கு வக்கீலோ இருந்தால், குடும்ப நல நீதிமன்றத்தில் தொடர்ந்து ஆஜராகிற ஒருவரைச் சொல்லச் சொல்லலாம். பெயர் கிடைத்த பிறகு இ-கோர்ட்ஸ் தளத்தில் வக்கீல் பெயரை வைத்துத் தேடும் வசதி உண்டு. எத்தனை வழக்கில் வென்றார் என்பதை அது காட்டாது. எந்த நீதிமன்றங்களில் வழக்கு நடத்துகிறார் என்பது ஓரளவு புரியும்.

ஊரும் முக்கியம். மதுரையில் கல்யாணம், கோவையில் குடித்தனம், இப்போது பெண் தஞ்சாவூரில் தாய் வீட்டில் என்று வைத்துக்கொள்வோம். இந்து திருமணச் சட்டத்தின்படி கல்யாணம் நடந்த இடம், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம், எதிர்த்தரப்பு வசிக்கும் இடம் இவற்றில் எங்கு வேண்டுமானாலும் வழக்குப் போடலாம். மனைவி வழக்குத் தொடுத்தால், தான் இப்போது வசிக்கும் ஊரிலேயே போடலாம் என்று 2003-இல் திருத்தம் வந்தது. எங்கே போடப்போகிறோம் என்று முடிவு செய்யாமல் சென்னையில் பெரிய வக்கீலைப் பிடித்தால், ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவருடைய பயணச் செலவும் சேரும். பல நேரம் அவர் வரவும் மாட்டார்.

எந்தச் சட்டம் பொருந்தும் என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். இந்துக்களுக்கு 1955-ஆம் ஆண்டுச் சட்டம், கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம், பதிவுத் திருமணம் செய்த கலப்பு மணத் தம்பதிகள் பலருக்கு 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம். முஸ்லிம் பெண்கள் குலா (மனைவி கோரும் மணமுறிவு) கேட்டால் குடும்ப நல நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், தனியார் அமைப்புகள் கொடுக்கும் சான்றிதழ் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் சொன்னது. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரி கையெழுத்து வாங்கிப் பிரிந்துவிடுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. அந்தத் தம்பதியின் சமூகத்தில் விவாகரத்து வழக்காறு உண்டு என்று நிரூபித்தாலொழிய அந்தத் தாளுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. அதை நம்பி மறுமணம் செய்தவர்கள் பிறகு படும் பாடு சொல்லி முடியாது. "பத்திரம் போட்டு முடித்துவிடலாம்" என்று சொல்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுவதே நல்லது.

முதல் சந்திப்புக்குப் போகும்போது அழைப்பிதழ், திருமணப் பதிவுச் சான்று, புகைப்படம், முகவரிச் சான்று, சம்பளச் சீட்டு, நகை ரசீது ஆகியவற்றின் நகல்களை எடுத்துப் போக வேண்டும். எது எப்போது நடந்தது என்று தேதி வாரியாக இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுதி வைத்துக்கொண்டால் வக்கீலின் நேரமும் மிச்சம், அழுகையில் மறந்துபோகிற விஷயங்களும் வந்துவிடும். தனக்குப் பாதகமானதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கட்சிக்காரர் தொழில்முறையில் சொன்னதை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிட வக்கீலுக்குச் சட்டமே தடை போட்டிருக்கிறது. மறைத்தது குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வாயிலிருந்து வந்தால்தான் ஆபத்து.

கேட்க வேண்டியவையும் உண்டு. வழக்கில் ஆஜராகப் போவது சீனியரா, ஜூனியரா? என் வழக்கில் பலவீனமான இடம் எது? சமரசத்துக்கு வழி இருக்கிறதா? இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலைக் கவனித்துக் கேளுங்கள். பலவீனமே இல்லை என்பவரும், "ஜட்ஜ் நமக்கு வேண்டியவர்" என்பவரும், மூன்றே மாதத்தில் வாங்கித் தருகிறேன் என்பவரும், பேரம் பேசுவதற்காகவே ஒரு போலீஸ் புகார் கொடுங்கள் என்பவரும் கட்சிக்காரருக்கு நன்மை செய்யப்போவதில்லை. பிடிக்காத உண்மையை முதல் நாளே முகத்துக்கு நேராகச் சொல்கிற வக்கீல் கிடைத்தால் அவரை விட வேண்டாம்.

ஃபீஸைப் பற்றிப் பேசக் கூச்சப்படுவதால்தான் பின்னால் சண்டை வருகிறது. மொத்தமாகவா, கட்டம் கட்டமாகவா, வாய்தாவுக்கு இவ்வளவா? டைப்பிங், நோட்டீஸ், குமாஸ்தா செலவு அதில் அடங்குமா? விவாகரத்து மனுவோடு இடைக்கால ஜீவனாம்ச மனு, குழந்தையைப் பார்க்கும் உரிமைக்கான மனு, வழக்கை வேறு ஊருக்கு மாற்றும் மனு எல்லாம் கிளைவிடும். ஒவ்வொன்றுக்கும் தனி ஃபீஸா என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது. கிடைக்கும் ஜீவனாம்சத் தொகையில் இத்தனை சதவீதம் எனக்கு என்று ஒரு வக்கீல் கேட்டால், அது பார் கவுன்சில் விதிப்படி தவறு. கையில் வருமானம் இல்லாத தரப்பு, வழக்குச் செலவையும் இடைக்கால ஜீவனாம்சத்தையும் எதிர்த்தரப்பிடமிருந்து பெற இந்து திருமணச் சட்டத்தின் 24-வது பிரிவு வழி செய்கிறது. கணவன், மனைவி இருவருக்கும் அது பொருந்தும்.

பணமே இல்லை என்றாலும் வக்கீல் கிடைப்பார். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி பெறும் உரிமையை 1987-ஆம் ஆண்டுச் சட்டம் தந்திருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் என்றால் ஆண்களுக்கும் அப்படியே; மற்ற ஆண்களில் பெரும்பாலோருக்கு வருமான வரம்பு உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

இருவரும் மனமொத்துப் பிரிகிற வழக்கில் செலவு குறைய ஒரே வக்கீலை வைத்துக்கொள்வது வழக்கம். குழந்தையோ, வீட்டுக் கடனோ, பெரிய தொகையோ இடையில் இருந்தால், ஒப்பந்தத்தை ஒவ்வொருவரும் தனித்தனி வக்கீலிடம் ஒருமுறையாவது படிக்கக் கொடுக்க வேண்டும். ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்பதும், முதல் மனுவுக்குப் பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்பதும் இந்து திருமணச் சட்டத்தின் விதி. அந்த ஆறு மாதத்தைத் தகுந்த சூழ்நிலையில் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜீவனாம்சம், குழந்தைப் பொறுப்பு எல்லாம் ஏற்கெனவே பேசி முடித்திருந்தால்தான் அந்தச் சலுகையைக் கேட்க முடியும். அதைப் பேசி முடிக்கத் தெரிந்த வக்கீல், கோர்ட்டில் உரக்கப் பேசுகிறவரைவிட இங்கே பெரிய உதவி.

நடுவில் வக்கீலோடு ஒத்துப்போகவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம். பழைய வக்கீலிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்குவது வழக்கம். அவர் மறுத்தால் நீதிமன்ற அனுமதியோடு மாறலாம். ஃபீஸ் பாக்கி என்று கேஸ் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை. மத்தியப் பிரதேசத்தில் ஒரு கூட்டுறவு வங்கியின் வக்கீல், ஏறக்குறைய 97 ஆயிரம் ரூபாய் பாக்கி என்று கோப்புகளைத் திருப்பித் தர மறுத்தார். கோப்புகள் விற்பனைச் சரக்கல்ல, கட்சிக்காரர் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பாக்கியை வசூலிக்க வக்கீலுக்கு வேறு சட்ட வழிகள் உண்டு. வக்கீல் மேல் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போக முடியாது என்று 2024 மே மாதம் தீர்ப்பு வந்துவிட்டதால், தொழில்முறைத் தவறுகளுக்குப் புகார் கொடுக்கும் இடம் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில்.

தீர்ப்பு வந்ததும் வக்கீலின் வேலை முடிந்துவிட்டதாக நினைத்துவிடக் கூடாது. தீர்ப்பாணையின் சான்றிட்ட நகலை வாங்கித் தரச் சொல்ல வேண்டும்; பாஸ்போர்ட்டில் துணைவர் பெயரை நீக்குவதற்கும் மறுமணப் பதிவுக்கும் அதைக் கேட்பார்கள். மேல்முறையீட்டுக் காலம் என்று முடிகிறது என்று தேதி கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன் மறுமணத்துக்கு நாள் பார்க்கக் கூடாது. கொடுத்த அசல் ஆவணங்களையும் அன்றைக்கே பட்டியல் பார்த்துத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.